ஐ.நா.வைக் கலைத்துவிடலாமா, சித்தப்பா?

இந்த வாரம் கல்லூரி மாணவர்கள் மட்டும், உலகச் செய்திகள் மட்டும் என்று அறிவித்திருந்தோம். கேள்வி கேட்கச் சொன்னால் பாதிப் பேர் தீர்ப்பு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பரவாயில்லை, தீர்ப்புக்கும் மேல்முறையீடு உண்டு. அங்கே நீதிபதியாக உட்கார்ந்திருப்பது சித்தப்பா.

அரசியல் அறிவியல் மாணவர், திருச்சி: என் கருத்தில் ஐ.நா. சபை ஒரு வெட்டி ஆபீஸ். ஒரு போரையும் நிறுத்தத் துப்பில்லை. பேசாமல் கலைத்துவிட்டால் என்ன?

கலைக்கலாம். அந்தத் தீர்மானத்தையும் பாதுகாப்பு கவுன்சிலின் நிரந்தர உறுப்பினர் ஐந்து பேரில் ஒருத்தர் வீட்டோ செய்துவிடுவார்.

சட்டக் கல்லூரி மாணவி, மதுரை: அதென்ன அந்த ஐந்து பேருக்கு மட்டும் வீட்டோ? எந்த நியாயத்தில்?

ஜெயித்தவன் நியாயத்தில். 1945-ல் போரில் வென்றவர்கள் மேஜை போட்டார்கள், நல்ல நாற்காலிகளையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஐ.நா. சாசனத்தின் 23-வது பிரிவை எடுத்துப் படித்துப் பார், மகளே. நிரந்தர உறுப்பினர் பட்டியலில் சோவியத் ஒன்றியம் இன்னும் இருக்கிறது. அந்த நாடு மண்டையைப் போட்டு 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. 'சீனக் குடியரசு' என்றும் இருக்கிறது. அந்தப் பெயரில் இன்று இருப்பது தைவான். அதற்கு 1971-க்குப் பிறகு ஐ.நா.வில் ஸ்டூல்கூடக் கிடையாது. செத்துப்போன தாத்தா பெயரை ரேஷன் கார்டில் வைத்தே சர்க்கரை வாங்குகிற குடும்பம் நம் தெருவில் மட்டும்தான் என்று நினைத்துவிட்டாயா?

வரலாற்று மாணவர், தஞ்சாவூர்: ஐ.நா. சாசனத்தில் இந்தியா சார்பாகக் கையெழுத்துப் போட்டது ஒரு தமிழர் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வழக்கம்போலப் பொய்தானே?

வாட்ஸ்அப்பும் எப்போதாவது கால் தவறி உண்மையில் விழுந்துவிடும். சர் ஆற்காடு ராமசாமி முதலியார், நீதிக்கட்சிக்காரர். 1945 ஜூன் 26, சான்ஃபிரான்சிஸ்கோ. ஐ.நா. பொருளாதார சமூக கவுன்சிலின் முதல் தலைவரும் அவர்தான். வேடிக்கை என்ன தெரியுமா? அவர் பேனா திறந்த அன்றைக்கு இந்தியாவுக்குச் சுதந்திரமே கிடைக்கவில்லை. சொந்த வீடு கிடைப்பதற்கு முன்பே சங்கத்தில் சந்தா கட்டி உறுப்பினரான ஒரே ஆள் நாம்தான் என்று பெருமைப்படாதே. பிலிப்பைன்ஸும் அப்படித்தான்.

அதே மாணவர்: அப்படியானால் நமக்கு எப்போது நிரந்தர இடம்?

பொதுச்சபையில் 193-ல் 129 ஓட்டு வேண்டும். கஷ்டம், ஆனால் முடியும். அதன்பிறகு உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கு ஒப்புதல் தர வேண்டும். அதில் அந்த ஐந்து நாடும் கட்டாயம் இருக்க வேண்டும். ஐந்தில் ஒன்று சீனா. மீதியை நீயே கணக்குப் போடு, வரலாறு படித்தாலும் கழித்தல் தெரிந்திருக்கும்.

ஆங்கில இலக்கிய மாணவி, கும்பகோணம்: நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததை நினைத்தாலே புல்லரிக்கிறது!

அறிவிக்கவில்லை. இந்த வதந்தி 2008 வாக்கில் கிளம்பியது, இன்னும் ரிட்டையர் ஆகவில்லை. யுனெஸ்கோ தேசிய கீதங்களுக்குப் போட்டி நடத்துவதில்லை. கீதம் நல்ல கீதம்தான். அதற்கு பாரிஸிலிருந்து சான்றிதழ் வந்தால்தான் புல்லரிக்கும் என்றால் தோல் டாக்டரைப் பார்.

வணிகவியல் மாணவர், தூத்துக்குடி: 'உலகமயமாக்கல்' பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்கு விடை தரவும்.

எழுதிக்கொள். 'எவர் கிவன்' என்று ஒரு சரக்குக் கப்பல், நீளம் 400 மீட்டர். சொந்தக்காரர் ஜப்பான். ஓட்டிய கம்பெனி தைவான். பறந்த கொடி பனாமா. பராமரிப்பு ஜெர்மனி. மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். ஏற்றியிருந்தது ஆசியச் சரக்கு, இறக்க வேண்டிய இடம் நெதர்லாந்து. 2021 மார்ச் 23-ல் எகிப்தின் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் உலக வர்த்தகத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை நிறுத்திவைத்தது. இத்தனை நாட்டில் உள்ளூர்ச் சரக்கு ஒன்றே ஒன்று: அன்றைக்கு அடித்த காத்து.

அதே மாணவர்: இன்னும் ஐந்து மதிப்பெண் கிடைக்குமா?

2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். பெரிய கம்பெனிகள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போயின. பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம். செயற்கைக்கோள், ரேடார், கணினி எல்லாம் வைத்துக்கொண்டு 1497-ல் வாஸ்கோ ட காமா போன பாதை. இதைப் படித்தால் அந்த மனுஷன் ராயல்டி கேட்பான்.

ஆடை வடிவமைப்பு மாணவி, திருப்பூர்: 2025-ல் டிரம்ப் 50 சதவீத வரி போட்டார். அந்த வரியை இந்தியா கட்டியது என்கிறார் என் நண்பர். அமெரிக்கா கட்டியது என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

சட்டப்படி நீ சொல்வது சரி. துறைமுகத்தில் வரி கட்டியவர் அமெரிக்க இறக்குமதியாளர். கட்டின சூட்டோடு உன் ஊருக்குப் போன் போட்டு, 'பாதியை நீங்க ஏத்துக்குங்க, இல்லாட்டி பங்களாதேஷ்ல ஆர்டர் குடுத்துர்றேன்' என்றார். அதனால் உன் நண்பரும் முழுக்கத் தப்பில்லை. மிச்சத்தை பனியன் விலையில் ஏற்றி டெக்ஸாஸ்காரரிடம் வாங்கினார்கள். வரி போட்டவர் மட்டும் பத்து பைசா கட்டவில்லை.

விலங்கியல் மாணவர், நாகர்கோவில்: பென்குயினுக்கும் டிரம்ப் வரி போட்டாராமே, மீம்தானே அது?

மீமை விட உண்மை சுவாரசியம். 2025 ஏப்ரல் பட்டியலில் ஹெர்ட், மெக்டொனால்ட் தீவுகளுக்கு 10 சதவீதம். அண்டார்டிகா பக்கம், ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான தீவுகள். மனிதர் ஒருவரும் கிடையாது, பென்குயின், சீல் மட்டும். பென்குயின்கள் பதிலுக்கு வரி போடவில்லை, அறிக்கை விடவில்லை, டிவி விவாதத்துக்கும் வரவில்லை. வெளியுறவுத் துறைகள் பாடம் படிக்க வேண்டிய இடம்.

புவியியல் மாணவி, சென்னை: ஒரு நாட்டையே விலைக்கு வாங்குவேன் என்று டிரம்ப் கிரீன்லாந்தைக் கேட்கிறாரே, இப்படிக் கூறுகெட்டுப் பேசலாமா?

கூறு இருக்கிறது, அமெரிக்காவின் பரம்பரைத் தொழில் அது. 1867-ல் ரஷ்யாவிடம் அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 1917-ல் இதே டென்மார்க்கிடம் கரீபியத் தீவுகள் சிலவற்றை இரண்டரைக் கோடி டாலர் தங்கத்துக்கு வாங்கினார்கள். இன்றைய அமெரிக்க விர்ஜின் தீவுகள் அவைதான். 1946-ல் ட்ரூமன் அரசாங்கம் கிரீன்லாந்துக்கே பத்துக் கோடி டாலர் விலை பேசிப் பார்த்தது. அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள், இவர் மைக் வைத்துப் பேசுகிறார். இத்தனை பேரத்திலும் ஒரு தடவைகூட அந்த மண்ணில் இருப்பவனைக் கூப்பிட்டு 'உனக்குச் சம்மதமா' என்று ஆரம்பித்ததில்லை. கூறுகெட்ட இடம் அதுதான்.

அதே மாணவி: மேப்பில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கிறது. அதற்காகத்தான் ஆசைப்படுகிறாரோ?

நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு. உருண்டையைத் தட்டையாக விரித்தால் எங்கேயாவது இழுபடும். 1569-ல் மெர்க்கேட்டர் வரைந்த மேப் துருவப் பக்கத்தை இழுத்துவிட்டது. மாலுமிக்குத் திசை சரியாகக் கிடைத்தால் போதும் என்று வரைந்தது அது. கப்பலுக்குப் போக வேண்டிய மேப் வகுப்பறைச் சுவருக்கு வந்ததுதான் தப்பு. இதை மாற்றச் சொல்லும் இயக்கத்துக்கு 2025-ல் ஆப்பிரிக்க ஒன்றியமே கை கொடுத்திருக்கிறது. ரியல் எஸ்டேட்காரர் மேப்பைப் பார்த்து ஏமாறுவது உலக அதிசயம், வழக்கமாக நாம்தான் ஏமாறுவோம்.

அரசியல் அறிவியல் மாணவர், திருச்சி: மறுபடி நான்தான். என் கருத்தில் எல்லா நாட்டுக்கும் அணுகுண்டு கொடுத்துவிட்டால் போரே வராது.

வா தம்பி. இப்போது ஒன்பது நாட்டிடம் 12,000-க்கு மேல் இருக்கிறது, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ரஷ்யாவிடமும் அமெரிக்காவிடமும். போர் நின்ற மாதிரித் தெரியவில்லை. சொந்தமாகச் செய்த குண்டுகளை, மொத்தம் ஆறு, தானே பிரித்துப் போட்ட ஒரே நாடு தென்னாப்பிரிக்கா. அது ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இதோடு நிறுத்தினால் நான் ஜெயித்ததாகிவிடும். ஆனால் உக்ரைன் இருக்கிறது. சோவியத் காலத்துக் குண்டுகள் ஆயிரக்கணக்கில் அதன் மண்ணில் கிடந்தன. 1994-ல் புடாபெஸ்ட்டில் 'உன் எல்லையை மதிப்போம்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் ரஷ்யா. அதனால் உன் கருத்து தப்பு என்று திருச்சியில் வந்து சொல்வேன், கீவ் நகரில் நின்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

கேட்டரிங் மாணவர், சேலம்: உக்ரைன் எங்கேயோ இருக்கிறது. அவர்கள் சண்டை போட்டால் நமக்கென்ன?

உன் வாணலியைக் கேள். போருக்கு முன் இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து வந்தது. 2022 பிப்ரவரி 24-ல் அங்கே டாங்க் கிளம்பியது, அடுத்த மாதம் இங்கே பஜ்ஜி இளைத்தது.

வேளாண் மாணவர், கோவை: நவீன ராணுவத்தைச் சாதாரண ஆட்கள் ஜெயித்த வரலாறு உண்டா?

ஆட்களே வேண்டாம், பறவை போதும். 1932-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமையை மேய்ந்த ஈமு கோழிகளை ஒழிக்க மெஷின் கன்னோடு ராணுவத்தை அனுப்பினார்கள். ஈமுக்கள் சின்னச் சின்னக் கும்பலாகப் பிரிந்து ஓடின. ராணுவம் தோட்டாவைத் தீர்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அதே ஈமு 80 வருஷம் கழித்துப் பெருந்துறைப் பக்கம் பண்ணைத் திட்டமாக வந்து நம் முதலீட்டாளர்களையும் ஜெயித்தது. இரண்டு கண்டத்தில் வெற்றி பெற்ற தளபதி வேறு யார்?

உடற்கல்வி மாணவர், வேலூர்: விளையாட்டு நாடுகளை ஒன்றுசேர்க்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

1969-ல் எல் சால்வடாரும் ஹோண்டுராஸும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மோதின. அடுத்த சில வாரத்தில் நிஜமாகவே போர், ஏறத்தாழ நூறு மணி நேரம். உள்ளே இருந்தது நிலத் தகராறு, குடியேறியவர்களை விரட்டிய கோபம். பந்து ஒரு சாக்கு. இவ்வளவு ரத்தத்துக்குப் பிறகு எல் சால்வடார் 1970 உலகக் கோப்பைக்குப் போய் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. ஒரு கோல்கூடப் போடவில்லை.

ஊடகவியல் மாணவி, சென்னை: காஸா விஷயத்தில் உங்கள் கருத்து என்ன? ஜோக் அடித்து நழுவாமல் சொல்லவும்.

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றது கொடுமை. அதன்பின் இரண்டு வருஷத்தில் காஸாவில் 60,000-க்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. அதுவும் கொடுமை. இதைச் சொன்னால் அதை மறைக்கிறாய், அதைச் சொன்னால் இதை மறைக்கிறாய் என்று கத்துபவர்களுக்குக் கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்றை மூடி வைத்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் என்று சர்வதேச நிபுணர் குழு அறிவித்தது. மழை பொய்த்து வந்த பஞ்சமில்லை. சாப்பாட்டு லாரிகள் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கும்போதே வந்த பஞ்சம். நழுவவில்லை மகளே, ஜோக்கும் வரவில்லை.

அதே மாணவி: சூடானில் அதைவிட அதிகம் பேர் அகதியாகியிருக்கிறார்கள். ஏன் யாரும் பேசுவதில்லை?

இந்த வாரத்தின் நல்ல கேள்வி. 2023 ஏப்ரல் 15-ல் ஆரம்பித்தது. ராணுவத் தளபதிக்கும் துணைப்படைத் தளபதிக்கும் நாற்காலிச் சண்டை. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வீடு இழந்தார்கள். இன்றைய உலகின் மிகப்பெரிய இடப்பெயர்வு அதுதான். அங்கே கேமரா போகவில்லை, அதனால் கண்ணீரும் போகவில்லை.

ஆனால் சூடான் உன் கைக்கு எட்டாத தூரத்தில் இல்லை. அங்கே வேல மரத்தில் வடியும் பிசின்தான் உலகத் தேவையில் பெரும்பங்கு. குளிர்பானத்தில் சுவையும் நிறமும் தனியாகப் பிரியாமல் பிடித்து வைப்பது அந்தப் பிசின். 1997-ல் அமெரிக்கா சூடான் மேல் பொருளாதாரத் தடை போட்டது. பிசினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. மனசாட்சியை விட சோடா முக்கியம்.

பொருளாதார மாணவர், யாழ்ப்பாணம்: ஐ.எம்.எஃப். கடன் வாங்கினால் நாடு உருப்படுமா?

இலங்கைக்கு 2023-ல் கிடைத்தது 17-வது திட்டம். ஏற்கெனவே பதினாறு தடவை உருப்பட்ட நாடு, இன்னொரு தடவை உருப்படாதா என்ன?

அதே மாணவர்: அதன் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

திறமை பார்த்துத்தான். தற்செயலாக ஆரம்பத்திலிருந்தே அந்தத் திறமை ஐரோப்பியர்களிடம் மட்டும் இருந்திருக்கிறது. உலக வங்கித் தலைவருக்கு வேண்டிய திறமை அமெரிக்கக் குடிமக்களிடம் மட்டும். இப்போதைய தலைவர் அஜய் பங்கா புனேயில் பிறந்தவர்தான், ஆனால் பாஸ்போர்ட் சரியான பாஸ்போர்ட்.

பி.டெக். மாணவர், ஈரோடு: வங்கதேசத்திலும் நேபாளத்திலும் மாணவர்கள் ஆட்சியையே கவிழ்த்துவிட்டார்கள். நம் தலைமுறைக்குச் சமம் யாரும் இல்லை!

கவிழ்த்தது நிஜம். வங்கதேசத்தில் இட ஒதுக்கீட்டில் ஆரம்பித்த போராட்டம், 2024 ஆகஸ்ட் 5-ல் ஷேக் ஹசீனா ஹெலிகாப்டர் ஏறினார். நேபாளத்தில் 2025 செப்டம்பரில் சமூக ஊடகங்களைத் தடைசெய்தார்கள், சில நாளில் பிரதமர் ஒலி வீட்டுக்குப் போனார். இடைக்காலப் பிரதமராக வந்த முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கியின் பெயரை இளைஞர்கள் டிஸ்கார்ட் செயலியில் விவாதித்து ஓட்டுப் போட்டு முன்மொழிந்தார்கள். நீங்கள் எட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் எந்தப் பிரியாணிக் கடை என்று முடிவெடுக்க ஒரு ராத்திரி ஆகிறது.

அதே மாணவர்: சரி, தமிழ்நாட்டில் அப்படி ஒரு மாணவர் உண்டா?

விருதுநகர், 1967. தோற்றவர் காமராஜர். ஜெயித்தவர் பெ. சீனிவாசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவர். அப்போது டிஸ்கார்ட் இல்லை, டீக்கடை பெஞ்ச் இருந்தது. அதிலும் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் பேசுவார்கள்.

விஷுவல் கம்யூனிகேஷன் மாணவி, புதுச்சேரி: இந்தப் போராட்டங்களில் வைக்கோல் தொப்பி போட்ட மண்டையோட்டுக் கொடி ஏன் பறக்கிறது?

'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையின் கடற்கொள்ளையர் கொடி. 1997 முதல் எய்ச்சிரோ ஓடா வரைந்து வருகிறார். இந்தோனேசியா, நேபாளம், மடகாஸ்கர் என்று 2025-ல் மட்டும் அது சுற்றிய ஊரை எந்த வெளியுறவு அமைச்சரும் சுற்றவில்லை. சே குவேரா டீ-ஷர்ட் போட்டவர்களெல்லாம் இப்போது முழங்கால் வலித் தைலம் தடவிக்கொண்டிருக்கிறார்கள். யாரையும் குறிப்பிடவில்லை, இது பொதுவான தகவல்.

சுற்றுச்சூழல் அறிவியல் மாணவி, திண்டுக்கல்: புவி சூடாவது சமீபத்தில்தானே தெரிந்தது? முன்பே தெரிந்திருந்தால் தடுத்திருப்பார்களே!

1896-ல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ் பென்சிலும் பேப்பரும் வைத்துக் கணக்குப் போட்டார்: காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி பல டிகிரி சூடாகும். கணக்குப் போட்டுவிட்டுக் கவலைப்படவில்லை, குளிர் நாட்டுக்காரருக்கு நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டார். மனுஷன் வேலூரில் பிறந்திருந்தால் அன்றைக்கே மறியல் செய்திருப்பார். அந்த மறியலை 2018-ல் ஸ்வீடன் நாடாளுமன்ற வாசலில் உட்கார்ந்து செய்தவள் 15 வயது கிரெட்டா துன்பர்க். அவள் அப்பா பெயரும் ஸ்வாந்தே. அர்ரேனியஸுக்குத் தூரத்துச் சொந்தம். பெரியவர் விட்டுப்போன வேலையைக் குடும்பத்தில் ஒரு சின்னப்பெண் எடுத்துச் செய்ய 122 வருஷம்.

அதே மாணவி: வருஷா வருஷம் பருவநிலை மாநாடு நடக்கிறதே, அதில் என்னதான் சாதித்தார்கள்?

முதல் மாநாடு பெர்லினில், 1995. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றையும் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுவோம் என்று காகிதத்தில் எழுத 2023 ஆனது. எழுதிய ஊர் துபாய். தலைமை தாங்கியவர் அபுதாபி தேசிய எண்ணெய்க் கம்பெனித் தலைவர். அடுத்த வருஷம் அஜர்பைஜானில் கூடினார்கள். அந்த ஜனாதிபதி எண்ணெயும் எரிவாயுவும் கடவுள் கொடுத்த பரிசு என்று மேடையிலேயே பேசினார். கள்ளுக்கடையில் மதுவிலக்கு மாநாடு போட்டால் காபி கிடைக்குமா?

கணினி அறிவியல் மாணவர், கரூர்: கடலில் மூழ்கப்போகும் நாடுகளுக்கு வருமானம் ஏது?

துவாலுவைக் கேள். பசிபிக்கில் சுமார் 11,000 பேர். இணையத்தில் அந்த நாட்டு முகவரிக்கு 'டாட் டிவி' என்று முடிவு வந்து மாட்டியது. டெலிவிஷன் கம்பெனிகள் போட்டி போட்டு வாங்க, அரசு வருமானத்தில் கணிசமான பங்கு அதிலிருந்தே வருகிறது. 2023-ல் ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம்: வருஷத்துக்கு 280 பேர் வரை குடியேறலாம். முதல் குலுக்கலுக்கே நாட்டில் பெரும்பாலானோர் விண்ணப்பித்துவிட்டார்கள். ஆட்களெல்லாம் கரையேறி, தீவு தண்ணீருக்குள் போன பிறகும் முகவரி மட்டும் வாடகை சம்பாதிக்கலாம்.

வேதியியல் மாணவி, கன்னியாகுமரி: அரிய மண் தாதுக்களை வைத்துச் சீனா எல்லாரையும் மிரட்டுகிறதே. நம்மிடம் இல்லையா?

உன் மாவட்டத்திலேயே இருக்கிறது, மகளே, மணவாளக்குறிச்சியில். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அரிய மண் தாதுவான மோனசைட் என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து எடுத்த தோரியம் அந்தக் காலத்து விளக்கு மேன்டிலுக்குப் போனது. ஆமாம், கவுண்டமணி கடையில் செந்தில் உடைத்தாரே, அதே மேன்டில்.

தாது பூமியில் பல இடத்தில் இருக்கிறது. பிரித்துச் சுத்தம் பண்ணுவதுதான் கஷ்டம். அமிலக் கழிவு, கதிர்வீச்சு, அக்கம்பக்கத்துச் சண்டை என்று எல்லாம் சேர்ந்து வரும். மற்ற நாடுகள் இந்த அழுக்கு வேலையை மலிவாகச் செய்யச் சீனாவிடம் தள்ளிவிட்டன. இன்றைக்கு உலகச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் அங்கேதான். வீட்டைப் பெருக்கத் தெரியாதவன் துடைப்பம் விலை ஏறிவிட்டதென்று புலம்புகிறான்.

எம்.சி.ஏ. மாணவர், மதுரை: அமெரிக்கா போவது என் கனவு. எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலராமே?

2025 செப்டம்பரில் வந்த உத்தரவு. புது விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர், அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 88 லட்சம் ரூபாய். கட்ட வேண்டியது கம்பெனி. உனக்காக 88 லட்சம் கட்டலாமா என்று அவர்கள் யோசிக்கும்போது நீ அரியர் விவரத்தைச் சொல்லிக் குழப்பாதே.

அரசியல் அறிவியல் மாணவர், திருச்சி: என் கருத்தில் டிரம்புக்கு நோபல் அமைதிப் பரிசு கொடுக்காதது அநியாயம்.

நீ இல்லாமல் இந்தப் பக்கம் நிறையாது போலிருக்கிறது. காந்தியை ஐந்து தடவை பரிந்துரைத்தார்கள், கொடுக்கவில்லை. 1948-ல் அவர் கொல்லப்பட்ட வருஷம், உயிரோடிருப்பவர்களில் தகுதியானவர் யாரும் இல்லை என்று சொல்லிப் பரிசையே நிறுத்தினார்கள். 1973-ல் வியட்நாம் அமைதிக்காக கிஸிங்கருக்கும் லே டக் தோவுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். 'எங்கே அமைதி?' என்று லே டக் தோ வாங்க மறுத்துவிட்டார், கிஸிங்கர் வைத்துக்கொண்டார். காந்தி வரிசையா, கிஸிங்கர் வரிசையா, உன் ஆளை எதில் நிறுத்தலாம் என்று முடிவு பண்ணிவிட்டு எழுது.

நர்சிங் மாணவி, விழுப்புரம்: உலகச் செய்தியில் நல்ல செய்தியே கிடையாதா?

உண்டு, சத்தம் போடாது. நரம்புச் சிலந்தி நோய் கேள்விப்பட்டிருக்கிறாயா? குடிதண்ணீர் வழியாக உள்ளே போய் வளரும் புழு, காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். 1986-ல் உலகத்தில் ஏறத்தாழ 35 லட்சம் பேருக்கு இருந்தது. 2024-ல் எத்தனை தெரியுமா? பதினைந்து. லட்சமில்லை, பதினைந்து பேர். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கும்படி ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள், முக்கியமாக அதுதான். முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கடைசிப் புழு தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். 2024 டிசம்பரில் நூறு வயதில் அவர் முந்திக்கொண்டார். எந்தச் சேனலிலும் இதற்கு 'பிரேக்கிங்' போடவில்லை, ஒன்றும் உடையவில்லையே.

பி.எஸ்சி. மாணவர், கடலூர்: உலக அறிவு வளர தினமும் எதைப் பார்க்க வேண்டும்?

அட்லஸ்.

பி.காம். மாணவர், ராமநாதபுரம்: மூன்றாம் உலகப் போர் வருமா?

நவம்பர் செமஸ்டர் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையில் கேட்டிருந்தால், படிக்க ஆரம்பி.

இயற்பியல் மாணவர், திருநெல்வேலி: ஒரு நாளை அப்படியே தாண்டிக் குதிக்க முடியுமா? காலப் பயணம் சாத்தியமா?

சமோவா குதித்தது. சர்வதேசத் தேதிக் கோட்டுக்குக் கிழக்கே இருந்தார்கள். வியாபாரமெல்லாம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு. இங்கே வெள்ளி என்றால் அங்கே சனி, அங்கே திங்கள் என்றால் இங்கே ஞாயிறு, வாரத்தில் இரண்டு நாள் வீண். 2011-ல் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாறிக்கொண்டார்கள். டிசம்பர் 29 வியாழக்கிழமை ராத்திரி படுத்தவர்கள் 31 சனிக்கிழமை எழுந்தார்கள். 30-ம் தேதி அந்த நாட்டில் நடக்கவே இல்லை. ரெக்கார்டு நோட்டு வைக்க வேண்டிய தேதியை இப்படித் தூக்கிவிடலாமா என்றுதானே அடுத்த கேள்வி? தூக்கலாம் தம்பி. முதலில் ஒரு நாடு ஏற்பாடு பண்ணிக்கொள்.